கேப் போட்ட பல் படுத்துகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

நான் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் பற்களுக்குக் கேப் செய்து தரும் லேபில் 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். புதுக் கேப் போகிற அதே கவரில் சில நாள் பழைய கேப்பும் திரும்பி வரும். கழன்றது, உடைந்தது, 'இதே மாதிரி இன்னொன்று வேண்டும்' என்று சீட்டு ஒட்டியது. கவரைப் பிரித்ததும் அதைக் கவிழ்த்து உள்பக்கம் பார்ப்பது என் பழக்கம். வெளியே செராமிக் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது போலப் பளபளக்கும். உள்ளே சிமெண்ட் பழுப்பேறிக் கிடக்கும். சிலவற்றில் ஒடிந்த பல்லே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், டீயில் ஊறிய பிஸ்கட் நிறத்தில். ஊசி முனையை வைத்தால் சத்தமில்லாமல் இறங்கும்.

கேப்புக்குச் சொத்தை வராது. அடியில் இருக்கும் பல்லுக்குத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் கேப் முடிந்து பல் தொடங்குகிற அந்த ஒரு கோட்டில். லேபில் அதை மார்ஜின் என்போம். எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அங்கே சிமெண்ட் நிரம்பிய இடுக்கு ஒன்று இருக்கவே செய்யும். 120 மைக்ரான் வரை பரவாயில்லை என்பது எங்கள் தொழிலில் ரொம்ப நாளாகப் புழங்கும் கணக்கு. ஒன்றிரண்டு தலைமுடியின் கனம்தான். ஆனால் பாக்டீரியா ஒன்றின் உடம்பு ஏறத்தாழ 1 மைக்ரான். அதற்கு இது தேரோடும் வீதி. ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: கோளாறு கேப்பிலா, கோட்டிலா, அடியில் இருக்கும் பல்லிலா?

அறிகுறிக்கு முன்னால் மூன்று விவரம்

முதலாவது, எந்தப் பல். உங்கள் சீட்டில் 46, 26 என்று எழுதியிருக்கும். முதல் எண் வாயின் பகுதி: 1 வலது மேல், 2 இடது மேல், 3 இடது கீழ், 4 வலது கீழ். இரண்டாவது எண், நடு முன்பல்லிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவது. 46 என்றால் வலது கீழ் ஆறாவது பல். ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் அது. பால் பல் என்று நினைத்துச் சின்ன வயதில் கவனிக்காமல் விடுகிறார்களோ என்னவோ, எங்கள் மேசைக்கு அதிகம் வருவதும் அதுதான்.

இரண்டாவது, ரூட் கேனல் செய்த பல்லா, உயிருள்ள பல்லா. உயிருள்ள பல் கூசும், வலிக்கும், ராத்திரி எழுப்பும். ரூட் கேனல் செய்த பல்லுக்குள் நரம்பு இல்லை. சொத்தை பாதிப் பல்லைத் தின்றாலும் வாய் திறக்காது. ஆனால் வேரைச் சுற்றி எலும்போடு பிடித்திருக்கும் சவ்வுக்கு உணர்ச்சி உண்டு. அதனால் கடித்தால் வலிப்பது மட்டும் அந்தப் பல்லிலும் வரும்.

மூன்றாவது, எதில் செய்த கேப். முழு உலோகமா, மேலே செராமிக் பூசிய உலோகமா, உலோகமே இல்லாத வெள்ளை நிறக் கடினச் செராமிக்கான ஜிர்கோனியாவா. ஜிர்கோனியா என்றால் கையில் ஒரு வாரண்டி கார்டும் கொடுத்திருப்பார்கள். 5 வருஷம், 10 வருஷம், 15 வருஷம் என்று போட்டிருக்கும். கேப் உடைந்தால் வேறு செய்து தருவதற்கான கார்டு அது. அடியில் பல் சொத்தையானால் கார்டு பேசாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லி வைக்கிறேன்.

வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது

புதுக் கேப்பில், முதல் வாரத்தில் வரும் புகார். கேப் உயரமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டும் அன்று டாக்டர் நீல நிறக் காகிதம் ஒன்றை வைத்துக் கடிக்கச் சொல்வார். எங்கே அழுத்தமாக நீலம் விழுகிறதோ அங்கே தேய்ப்பார். ஊசி போட்டு மரத்திருக்கும் வாயால் சரியாகக் கடிக்க வராது. நாமும் எழுந்து போனால் போதும் என்று 'சரியா இருக்கு டாக்டர்' என்று தலையாட்டிவிடுவோம். மரப்பு விட்ட பிறகுதான் தெரியும். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 20 மைக்ரான் வித்தியாசத்தைக்கூடப் பல் கண்டுகொள்ளும். தலைமுடியில் பாதி கனம்கூட இல்லை அது.

வீட்டிலேயே பார்க்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, எச்சிலை விழுங்கிவிட்டு, மெதுவாக வாயை மூடுங்கள். எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஒன்று மட்டும் முந்தினால் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்து நிமிஷ வேலை. 'பழகிவிடும்' என்று காத்திருக்க வேண்டாம். பழகுவதற்குள் வேரைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும், எதிர்ப் பல் வலிக்கும், மேலே செராமிக் இருந்தால் சில்லு தெறிக்கும்.

லேப்காரனாக ஒரு கோரிக்கை: தேய்த்த பிறகு பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். நாங்கள் சூளையில் ஏற்றிய பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு அப்படியே விட்டால், குறிப்பாக ஜிர்கோனியாவில், அந்தச் சொரசொரப்பு எதிரே இருக்கும் சொந்தப் பல்லை உப்புத்தாள் போல அராவும். பாலிஷ் செய்த ஜிர்கோனியா அவ்வளவு தேய்க்காது.

மாதங்கள், வருஷங்கள் நன்றாக இருந்த கேப் திடீரென்று கடிக்கும்போது வலித்தால் கதை வேறு. கடிக்கும்போதைவிடக் கடித்து விடும்போது சுரீர் என்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். ரூட் கேனல் செய்த பல் அமுக்கினால் மந்தமாக வலித்தால் வேர் நுனியில் மறுபடி கிருமி சேர்ந்திருக்கலாம். மேல் ஆறாவது பல்லில் மூன்று வேர் இருந்தாலும் நான்காவதாக ஒரு மெல்லிய கால்வாய் ஒளிந்திருப்பது சகஜம். முதல் தடவை அது தப்பிப் போயிருந்தால் இப்படித்தான் தலைகாட்டும். இதெல்லாம் எக்ஸ்ரே பார்த்துச் சொல்ல வேண்டியவை. ஆனால் மேல் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு மேல் சேர்ந்து வலிக்கிறது, சளி பிடித்திருக்கிறது, குனிந்தால் கன்னத்தில் கனம் கூடுகிறது என்றால் குற்றவாளி சைனஸாக இருக்கலாம். பாவம் கேப்பைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

குளிர்ந்தது பட்டால் கூசுகிறது

உயிருள்ள பல்லுக்குக் கேப் போட்டிருந்தால், முதல் இரண்டு வாரம் இது வரும், போகும். பல்லைச் சுற்றிலும் தேய்த்துத்தான் கேப்புக்கு இடம் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் நரம்பு கொஞ்சம் முறைத்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் பட்டு, இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால் பொறுத்துப் பார்க்கலாம். கூச்சத்துக்கான பேஸ்ட் போடலாம்.

கவலைப்பட வேண்டிய ஆள் வேறு. சூடான காபி பட்டால் வலி. பட்டபின் அரை நிமிஷத்துக்கு மேல் நீடிக்கும் வலி. ஒன்றும் படாமலேயே, படுத்தால் துடிக்கும் வலி. இந்த மூன்றில் எது வந்தாலும் உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருக்கலாம். ரூட் கேனல் தேவைப்படும். பெரும்பாலும் கேப்பைக் கழற்றாமல் மேலே ஒரு துளை போட்டே செய்துவிடுவார்கள். அந்தத் துளையைப் பிறகு நன்றாக அடைத்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

ரூட் கேனல் செய்த பல் கூசுகிறது என்றால், பக்கத்துப் பல்லைச் சந்தேகப்படுங்கள். கூச வேண்டிய நரம்பை அங்கே முன்பே எடுத்தாகிவிட்டது.

சாப்பிட்டதெல்லாம் அங்கேயே போய்ச் சிக்குகிறது

மட்டன் நார், முருங்கைக்காய், கீரைத் தண்டு, மாம்பழ நார். சாப்பிட்டு எழுந்ததும் நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போகும். குச்சி தேடுவார்கள், தீப்பெட்டியைத் திறப்பார்கள், சேஃப்டி பின் எடுக்கிறவர்களும் உண்டு.

இங்கே ஃப்ளாஸ் நூல்தான் சோதனைக் கருவி. மெடிக்கல் ஷாப்பில் சின்ன டப்பாவில் கிடைக்கும். கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே இறக்குங்கள். லேசாகத் தடுத்து, 'டக்' என்று உள்ளே போனால் இரண்டு பல்லும் சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனால் இடைவெளி இருக்கிறது. போகிறது, ஆனால் வெளியே வரும்போது நூல் பிய்ந்து நார் நாராக வருகிறது என்றால் எங்கோ ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் மிச்சமாகவோ, கேப்பின் ஓரமாகவோ, பக்கத்துப் பல்லில் அடைத்த பழைய ஃபில்லிங்காகவோ இருக்கலாம்.

போட்ட நாளிலிருந்தே இடைவெளி என்றால் தவறு பெரும்பாலும் எங்கள் பக்கம், இல்லை அளவெடுத்ததில். ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கேப்பைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பக்கம் செராமிக் ஏற்றித் தரலாம், அல்லது புதிதாகச் செய்யலாம். நிரந்தர சிமெண்ட் போட்டு ஒட்டிவிட்டால் உடைக்காமல் கழற்றுவது பாடு. அதனால் ஒட்டுவதற்கு முன், வைத்துப் பார்க்கும்போதே நூலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல வருஷம் நன்றாக இருந்து பிறகு இடைவெளி விழுந்தால் பக்கத்துப் பல் நகர்ந்திருக்கும், அல்லது அதன் ஃபில்லிங் தேய்ந்திருக்கும். பல நேரம் பக்கத்துப் பல்லில் ஒரு ஃபில்லிங் போட்டே இடைவெளியை மூடிவிடலாம்.

அதுவரை குச்சியை விடுங்கள். குச்சி ஈறைக் கீழே தள்ளும், ஈறு இறங்கினால் இடம் இன்னும் பெரிதாகும். பாட்டில் கழுவும் பிரஷின் குட்டிக் குட்டி வடிவம் போல இடுக்கு பிரஷ் கிடைக்கிறது. உங்கள் இடைவெளிக்கு இறுக்கிப் பிடிக்காமல் போகும் அளவில் ஒன்று வாங்கி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு இழுப்பு. பிரிட்ஜ், அதாவது இல்லாத பல்லுக்குப் பதிலாக ஒரு பொய்ப் பல்லை இரண்டு பக்கத்துப் பற்களின் கேப்போடு சேர்த்து ஒன்றாகச் செய்தது, போட்டவர்களுக்கு நூல் மேலிருந்து இறங்காது. நுனி விறைப்பாக இருக்கும் தனி நூல் வாங்கி, பக்கவாட்டில் கோத்து, பொய்ப் பல்லின் அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு நாளில் வந்துவிடும்.

நாற்றம் அடிக்கிறது, புளித்த மாதிரி ஒரு ருசி வருகிறது

எங்கள் அம்மாவுக்கு இடது கீழ்ப் பல்லில் கேப். நானே செய்தது, உலோகத்தின் மேல் செராமிக். ஒன்பது வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. போன ஆடி மாதம் சமையல்கட்டில் நின்றுகொண்டு, 'வாய் கொஞ்ச நாளா ஒரு மாதிரி கசக்குதுடா, கஞ்சி குடிச்சாலும் போக மாட்டேங்குது' என்றார். வலி இல்லை, வீக்கம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், கேப் கிண்ணென்று இருந்தது. நூலை எடுத்து கேப்பின் பின்பக்கம் இறக்கி, ஈறோரமாகத் தேய்த்து இழுத்து, மூக்கருகே கொண்டு போனேன். செத்த எலி நாற்றம். அதே நூலின் வேறு துண்டை எதிர்ப்பக்கப் பல்லில் விட்டு இழுத்தால் ஒன்றும் இல்லை.

இதுதான் வீட்டுச் சோதனை. பக்கத்துக்கொரு துண்டாக நூலை விட்டு முகர்ந்து பாருங்கள். அருவருப்பாக இருக்கும், பரவாயில்லை. எல்லா இடமும் கொஞ்சம் நாறினால் மொத்தத்தில் ஈறு சுத்தம் போதவில்லை, பற்களைச் சுத்தம் செய்து கொள்ள வேண்டும். ஒரே இடம் மட்டும் நாறினால் அங்கே கோடு திறந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சிமெண்ட் கரைந்து, எச்சிலும் சோற்றுப் பருக்கையும் உள்ளே போய்த் தங்கி அழுகுகின்றன. நாக்கால் கேப்பை மேலும் கீழும் நெம்பிப் பார்த்தால் சிலருக்கு உப்புக் கரித்த மாதிரி ஏதோ கசியும். பிரிட்ஜாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டு தாங்கு பற்களில் ஒன்றில் ஒட்டு விட்டுப் போயிருக்கும், இன்னொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் கழன்று விழாது. கண்ணாடி முன் நின்று விரலால் அமுக்கினால் விட்ட பக்கத்தில் எச்சில் சின்னக் குமிழாக வரும்.

மவுத்வாஷ், ஏலக்காய், சோம்பு எதுவும் இதற்கு மருந்து இல்லை. கேப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு டாக்டர் அதை வெட்டித்தான் எடுத்தார். உள்ளே பின்பக்க ஓரத்தில் கடுகளவு சொத்தை. சுரண்டி, அடைத்து, புது அளவெடுத்து அனுப்பினார். மறுபடி நானே செய்தேன். ரூட் கேனல் செய்த பல் என்பதால் வலி சொல்லவில்லை. ருசி சொல்லியிருக்காவிட்டால், அடுத்த ஆடிக்குள் பல் ஈறோடு ஒடிந்திருக்கும்.

ஈறு சிவந்து ரத்தம் கசிகிறது, கருப்புக் கோடு தெரிகிறது

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கருப்புக் கோடு பெரும்பாலும் பார்வைக்குத்தான் தொல்லை. உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப்பில், ஈறு கொஞ்சம் இறங்கினால் அடியில் உள்ள உலோக விளிம்பு தெரியும். சொத்தை என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் ஈறு இறங்கினால் மூடியிருந்த வேர் வெளியே வரும். வேருக்கு எனாமல் கிடையாது, சீக்கிரம் சொத்தையாகும். கோடு தெரிய ஆரம்பித்தவர்கள் அடுத்த தடவை போகும்போது அந்த ஓரத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது.

ரத்தம் வேறு விஷயம். புதுக் கேப் என்றால் ஈறுக்குள் சிமெண்ட் துணுக்கு மாட்டியிருக்கலாம், எடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் அடங்கும். பழைய கேப் என்றால் அழுக்கு. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறார்கள், அதனால் இன்னும் வருகிறது. மென்மையான பிரஷை ஈறும் கேப்பும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, அங்கேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். ரம்பம் போல இழுக்கக் கூடாது. ஃபுளோரைடு உள்ள பேஸ்டாக, அட்டையில் 1000 பி.பி.எம். என்று போட்டதாகப் பாருங்கள். சாம்பல், உப்புத் தூள், செங்கல்பொடி, கரிப் பேஸ்ட் வேண்டாம். கேப்பின் மினுமினுப்பும் போகும், வேரும் தேயும்.

நன்றாகத் துலக்கியும் கேப்பைச் சுற்றி மட்டும் ஈறு மாதக்கணக்கில் சிவந்தே இருந்தால், கவரிங் நகை போட்டால் காது புண்ணாகும் ஆளா நீங்கள் என்று யோசியுங்கள். மலிவான உலோகக் கேப்களில் நிக்கல் இருக்கும். டாக்டரிடம் சொன்னால் நிக்கல் இல்லாததற்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆடுகிறது, அல்லது கையோடு வந்துவிட்டது

ஆடும் கேப்போடு தூங்காதீர்கள். தூக்கத்தில் கழன்று மூச்சுக் குழாய்க்குள் போனால் வம்பு. சாப்பிடும்போது விழுங்கிவிட்டால் பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு போய்விடும். ஆனால் விழுங்கியதும் இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சில் வீசிங் என்றால் உடனே ஆஸ்பத்திரி. பல் ஆஸ்பத்திரி இல்லை, பெரிய ஆஸ்பத்திரி.

கையில் வந்தால் முதலில் உள்ளே பாருங்கள். வெறும் சிமெண்ட் மட்டும் படிந்து கிண்ணம் போலக் காலியாக இருந்தால் நல்ல சேதி. பல் வாயில் முழுசாக இருக்கிறது, சுத்தம் செய்து திரும்ப ஒட்ட வாய்ப்பு அதிகம். உள்ளே பல் அடைத்துக்கொண்டு வந்திருந்தால் பல் ஒடிந்திருக்கிறது. எடுத்து ஒட்ட அங்கே ஒன்றும் இல்லை.

காலியாக வந்த கேப்பைப் பேப்பரில் மடிக்காதீர்கள். டீ டம்ளரோடு குப்பைக்குப் போன கேப் எத்தனையோ. மூடி போட்ட சின்ன டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். பல் தேய்க்கும் பிரஷால் லேசாகக் கழுவலாம், ஊசியால் உள்ளே சுரண்ட வேண்டாம். ஃபெவிக்விக் மட்டும் கூடவே கூடாது. அது உள்ளே கல்லாகி இறுகி, கேப் மறுபடி பல்லில் முழுசாக உட்காராமல் செய்துவிடும். அப்படி வந்த ஒன்றைச் சுரண்டவே எனக்கு அரை நாள் போனது. கடைசியில் புதிதாகத்தான் செய்தோம். வெளியூரில் மாட்டிக்கொண்டீர்கள், முன்பல், கல்யாண வீடு என்றால் பல்செட் ஒட்டும் பசை ஒரு சொட்டு வைத்து அந்த நேரத்துக்குச் சமாளிக்கலாம். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு மூன்று நாளைக்குள் போய்விடுங்கள். மொட்டையாக நிற்கும் பல் அப்படியே நிற்காது. பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், ஈறு மேலே ஏறும். பிறகு அதே கேப் உட்காராது. தற்காலிகக் கேப்புக்கும் இதே கதைதான். அது கிராம்பு வாசம் அடிக்கும் லேசான சிமெண்டில் ஒட்டப்படுவது, கழற்றுவதற்கென்றே போடுவது. அந்தப் பக்கம் நூல் விட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். கழன்றால் 'எப்படியும் அடுத்த வாரம் புதுசு வருது' என்று விட்டுவிடாதீர்கள். பற்கள் நகர்ந்த பிறகு நாங்கள் செய்த கேப் டைட்டாகி, 'லேப் வேலை சரியில்லை' என்று கவர் எங்களுக்கே திரும்பி வரும்.

அதே கேப் இரண்டாவது, மூன்றாவது தடவை கழன்றால் சிமெண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. டம்ளருக்குள் டம்ளர் இறுகுவது போல, கேப்பைப் பிடிப்பது பல்லின் உயரமும் சரிவும்தான். சிமெண்ட் நடுவில் நிரம்புகிறது, அவ்வளவே. தேய்த்த பல் 3, 4 மில்லிமீட்டர் உயரமாவது நிற்க வேண்டும். அதில் ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது அடைப்பு இல்லாத சொந்தப் பல்லாக இருக்க வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போல, கேப்பின் ஓரம் சுற்றி இறுக்குவது அந்தப் பல்லைத்தான். அது இல்லாமல் வேரில் கம்பி நட்டு, அடைத்து, மேலே எத்தனை விலைக்கு ஜிர்கோனியா வைத்தாலும் ஆட்டம் காணும். டாக்டர் அனுப்பும் அளவிலிருந்து நாங்கள் வார்க்கும் சில மாடல்களில் பல் குண்டுமணி போல நிற்கும். பார்க்கும்போதே தெரியும், இது திரும்பி வரும் என்று. ஈறைக் கொஞ்சம் இறக்கிப் பல்லை நீளமாக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. மூன்றாவது தடவை ஒட்டப் போகும்போது அதைப் பற்றிக் கேளுங்கள்.

சில்லு தெறித்துவிட்டது

நாக்கில் கீறுகிறதா, உள்ளே உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். சின்னச் சில்லு என்றால் மழுக்கிப் பாலிஷ் போட்டால் போதும். உலோகம் தெரிந்தால் வாயிலேயே ஃபில்லிங் பசையால் மூடலாம், ஆனால் அது ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம்.

எது உடைத்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள்: 'சும்மா சாப்பாடுதான்.' விசாரித்தால் கோகுலாஷ்டமிச் சீடை, பொருவிளங்காய் உருண்டை, கொட்டைப்பாக்கு, நல்லி எலும்பு, பொங்கல் கரும்பை ஓரப் பல்லால் உரித்தது என்று ஒவ்வொன்றாக வரும். கமர்கட்டும் சவ்வு மிட்டாயும் உடைக்காது, பிடுங்கும். புதிதாக ஒட்டிய கேப் என்றால் முதல் 24 மணி நேரம் அந்தப் பக்கமே வேண்டாம், சிமெண்ட் முழு பலம் பெற அவ்வளவு நேரம் ஆகும். சோடா மூடியைப் பல்லால் திறப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாப்பாட்டில் எந்தக் குற்றமும் இல்லை, ஆனாலும் உடைகிறது என்றால் ராத்திரியைச் சந்தேகப்படுங்கள். காலையில் தாடை இறுக்கமாக இருக்கிறதா, கூடப் படுப்பவர் நறநற சத்தம் கேட்டதாகச் சொல்கிறாரா? பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் ராத்திரியில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு உறை (நைட் கார்டு) ஒன்று அளவெடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் எங்கள் மேசையில்தான் தயாராகிறது.

வீக்கம், சீழ்க் கொப்புளம்

இதில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. கேப்புக்கு நேராக ஈறில் பரு போல ஒரு கொப்புளம், அமுக்கினால் சீழ், பிறகு தானே வற்றி மறுபடி வருகிறது என்றால் பெரும்பாலும் வேர் நுனியில் கிருமி. வலிக்காததால் தள்ளிப் போடுவார்கள், தள்ளிப் போடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கி மூன்று நாள் போட்டால் கொப்புளம் வற்றும், காரணம் அப்படியே இருக்கும். வெளியே கன்னத்தில் சூடான ஒத்தடம் கொடுக்க வேண்டாம். வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி.

ஒரு தொந்தரவும் இல்லை

நான் அதிகம் பயப்படுவது இந்த அறிகுறிக்குத்தான். ரூட் கேனல் செய்த பல், பளபளப்பான கேப், வலி இல்லை, கூச்சம் இல்லை. டாக்டர் பக்கம் போயே ஏழெட்டு வருஷம். கவரில் பல்லோடு திரும்பி வரும் கேப்களில் பாதி இப்படிப்பட்ட ஆட்களுடையது. நன்றாகச் செய்த கேப் ஐந்து வருஷத்தைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை, நூற்றுக்குத் 90க்கு மேல் தாண்டிவிடும். பத்து, பதினைந்து, இருபது என்று இழுப்பது அந்தக் கோட்டைக் கவனிக்கிறவர்களுக்கு.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டுங்கள். வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒரு தடவை, டாக்டர் சொல்கிறபடி, பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று. அதில் கேப் வெள்ளையாக, தொப்பி போலத் தெரியும். தொப்பியின் ஓரத்துக்குக் கீழே, பல்லில், கருப்பாகக் குழி ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். எக்ஸ்ரே உலோகத்தையும் ஜிர்கோனியாவையும் ஊடுருவாது, அதனால் கேப்புக்கு நேர் உள்ளே இருப்பது தெரியாது. ஓரம்தான் தெரியும். ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அம்மாவின் பழைய கேப், இரண்டாக வெட்டியது, என் மேசை டிராயரில் இருக்கிறது. பின்பக்க ஓரத்தில் நான் ஒன்பது வருஷத்துக்கு முன் விட்ட விளிம்பைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் மயிரிழை குட்டையாகத்தான் இருக்கிறது. புதுக் கேப்பில் அந்த இடத்தை மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கவரில் போட்டேன். அம்மா இப்போது வாரத்துக்கு ஒரு நாள் நூலை விட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, 'ஒண்ணும் இல்லடா' என்கிறார்.